கூலிக்கு பீர், விருந்துக்கு ஒயின்: இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது?

கேள்வி இதுதான்: "ஒயின் என்றால் நாகரிகம், பீர் என்றால் சாதாரணம் என்று உலகம் முழுக்க ஒரு நினைப்பு இருக்கிறதே, அது எப்படி வந்தது? ருசியா, போதையா, விலையா?"

ருசிக்கும் போதைக்கும் இதில் சின்னப் பங்குதான். திராட்சை வருஷத்துக்கு ஒருமுறை பழுக்கும். பழுத்ததும் பிழிந்தாக வேண்டும். பிழிந்து நொதித்த ஒயின், காற்றுப் படாமல் அடைத்துவைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும், கப்பல் ஏறும். தானியமோ குதிரில் வருஷம் பூராவும் கிடக்கும். ஆனால் அதிலிருந்து வடித்த அந்தக் காலத்து பீர் சில நாட்களிலேயே புளித்துப்போகும். இதனால் ஒயின் தூர தேசத்துச் சரக்காகவும், பீர் அன்றாடம் வீட்டில் வடிக்கும் உணவாகவும் பிரிந்தன. ஒயினுக்கு மதிப்பு ஏறியது திராட்சை விளையாத ஊர்களில்தான். விளைகிற ஊர்களில் அது கூலிக்காரரின் குடியாகவே இருந்தது. நம் ஊரில் பிராந்தியும் பீரும் விற்கும் கடைக்குக்கூட "ஒயின் ஷாப்" என்றுதான் பேர். கண்ணில் படாத சரக்கின் பெயருக்கு இருக்கும் மரியாதை அது.

இது புரிய வேண்டுமானால் முதலில் செய்முறையைப் பார்க்க வேண்டும்.

திராட்சைச் சாற்றில் சர்க்கரை தயாராக இருக்கிறது. நன்றாகப் பழுத்த ஒயின் திராட்சையின் சாற்றில் லிட்டருக்கு 200 முதல் 240 கிராம் வரை இருக்கும். லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் 1 சதவீதம் ஆல்கஹால் கிடைக்கும். 220 கிராம் என்றால் சுமார் 13 சதவீதம். அந்த ஈஸ்டும் பழத்தோலிலும் பழைய தொட்டியிலும் முன்பே ஒட்டிக்கொண்டிருப்பதுதான். அடுப்பும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மிதித்து விட்டுவிட்டால் தானே பொங்கும். 100 கிலோ பழத்துக்கு 65 முதல் 70 லிட்டர் வரை ஒயின் கிடைக்கும். சாற்றின் புளிப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து பெரும்பாலான கிருமிகளை அண்டவிடாது. ஒயின் கெடுவது முக்கியமாகக் காற்றால்தான். காற்றுப் பட்டால் அசெட்டிக் பாக்டீரியா ஆல்கஹாலைக் காடியாக்கிவிடும். "வினிகர்" என்ற சொல்லே பிரெஞ்சு மொழியில் "புளித்த ஒயின்" என்பதிலிருந்து வந்தது. அதனால்தான் ஜாடியின் உட்புறத்தில் பிசினோ தேன்மெழுகோ பூசி, வாய்வரை நிரப்பி, இறுக அடைத்தார்கள். ஜார்ஜியாவில் கி.மு. 6000 வாக்கிலான மண்ஜாடித் துண்டுகளில் திராட்சை ஒயினின் எச்சம் கிடைத்திருக்கிறது. அங்கே இன்றும் முட்டை வடிவ மண்தாழியைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து ஒயின் போடும் வழக்கம் இருக்கிறது.

தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்டால் அதை அப்படியே தின்ன முடியாது. பார்லியை இரண்டு நாள் ஊறவைத்து, நாலைந்து நாள் முளைகட்டி, முளை நீளும் முன் காயவைத்தால் மால்ட் ஆகும். முளைக்கும்போது தானியத்துக்குள் அமைலேஸ் என்ற நொதி உருவாகிறது. மால்ட்டை உடைத்து, 65 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வெந்நீரில் வைத்தால் அந்த நொதி மாவைச் சர்க்கரையாக உடைக்கும். 60 டிகிரிக்குக் கீழே போனால் பார்லி மாவு சரியாக இளகாது. 75ஐத் தாண்டினால் நொதி செத்துவிடும். 5 சதவீத பீர் 100 லிட்டர் வேண்டுமென்றால் சுமார் 20 கிலோ மால்ட்டும், அதைப்போல் பல மடங்கு தண்ணீரும், விறகும் வேண்டும். இத்தனை பாடுபட்டும் கிடைப்பது ஆல்கஹால் குறைந்த, புளிப்புக் குறைந்த, சத்து மிச்சமிருக்கிற ஒரு திரவம். லாக்டிக் பாக்டீரியாவுக்கு அது நல்ல தீனி. பாலைத் தயிராக்கும் அதே வகைக் கிருமிதான் பீரையும் புளிக்கவைக்கிறது.

உழைப்பு என்று பார்த்தால் பீர்தான் பெரிய கலை. ஆனாலும் சமூகத்தில் மதிப்பு ஒயினுக்கே போனது. காரணம் வரலாற்றில் இருக்கிறது.

மெசபொத்தாமியாவில் பீர் தாழ்ந்த குடியே இல்லை. "ஊர்" என்றே பெயர் கொண்ட நகரத்தில் கி.மு. 2500ஐ ஒட்டிப் புதைக்கப்பட்ட புவாபி அரசியின் கல்லறையில் தங்கத்தாலும் வெள்ளியாலும் செய்த உறிஞ்சு குழல்கள் கிடைத்தன. அந்தக் காலத்து பீரில் உமி மிதக்கும். பெரிய ஜாடியைச் சுற்றி உட்கார்ந்து, உமிக்குக் கீழே குழலை விட்டு உறிஞ்சினார்கள். எளியவர்களுக்கு நாணல், அரசிக்குத் தங்கம். அங்கே அந்தஸ்தைக் காட்டியது குழல்தான், பானம் எல்லோருக்கும் ஒன்றே. கூலியும் தானியமாகவும் பீராகவும் அளக்கப்பட்டது. பாபிலோன் மன்னன் ஹம்முராபியின் சட்டத்தில் பீர் விற்கும் பெண்ணுக்கென்றே தனி விதிகள் உண்டு. பீருக்கு விலையாகத் தானியத்தை வாங்க மறுத்து, எடைக்கல்லை ஏமாற்றி வெள்ளி வாங்கினால் ஆற்றில் எறிய வேண்டும் என்கிறது ஒரு விதி. எகிப்திலும் இறந்தவருக்கான படையல் மந்திரத்தில் "ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர்" என்றுதான் வரும். அபிடாஸில் கி.மு. 3000ஐ ஒட்டிய ஒரு பீர்ச்சாலையைத் தோண்டியெடுத்திருக்கிறார்கள். 8 பகுதிகள், ஒவ்வொன்றிலும் சுமார் 40 தாழிகள், ஒரு தடவைக்கு ஏறக்குறைய 22,400 லிட்டர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

அதே அபிடாஸில், அதற்குச் சற்று முந்திய ஓர் அரசனின் கல்லறையில் சுமார் 700 ஒயின் ஜாடிகள் இருந்தன. அந்த ஒயின் எகிப்தில் விளைந்ததில்லை, மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையான லெவன்ட் பகுதியிலிருந்து வந்தது. ஊருக்கெல்லாம் உள்ளூர் பீர், அரசனின் கல்லறைக்கு வெளியூர் ஒயின் என்ற ஏற்பாடு இவ்வளவு பழையது. பின்னாளில் நைல் டெல்டாவிலேயே திராட்சைத் தோட்டங்கள் வந்தபோதும் ஜாடிமேல் ஆட்சியாண்டு, தோட்டம், ஒயின் போட்டவர் பெயர் என்று எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. துட்டன்காமுன் கல்லறையில் அப்படிப்பட்ட ஜாடிகள் உண்டு. அந்த எழுத்தின் அர்த்தம் எளிது: இது எந்த வருஷத்து, எந்த இடத்துச் சரக்கு என்று சொல்லிக்கொள்ள ஒயினால்தான் முடியும். போன வாரத்து பீருக்கு அந்தப் பெருமை ஏது?

தூரம் எப்படி விலையாகிறது என்பதைக் கண்ணால் பார்த்தது போல கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் எழுதியிருக்கிறார். அர்மீனியாவிலிருந்து யூப்ரட்டீஸ் வழியாக பாபிலோனுக்கு வட்டமான தோல் படகுகளில் ஒயின் வரும். ஒகேனக்கல் பரிசல் மாதிரியான படகு என்று நினைத்துக்கொள்ளலாம். ஆறு இழுக்கும் வேகத்தில் எதிர்த்துத் திரும்ப முடியாது. அதனால் படகிலேயே கழுதையையும் ஏற்றி வருவார்கள். பாபிலோனில் சரக்கை விற்று, படகின் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலைச் சுருட்டிக் கழுதைமேல் போட்டுக்கொண்டு நடந்து ஊர் திரும்புவார்கள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு படகு செலவு.

கி.மு. 879இல் அசீரிய மன்னன் இரண்டாம் அஷுர்நசிர்பால் தன் புதிய தலைநகரான கல்ஹுவில் 69,574 பேருக்குப் பத்து நாள் விருந்து வைத்ததாகக் கல்லில் பொறித்தான். அந்தப் பட்டியலில் பீர் 10,000 ஜாடி, ஒயின் 10,000 தோல்பை. பீர் நாட்டில் ஒயினைச் சரிக்குச் சரி ஊற்றினேன் என்பதுதான் அங்கே ராஜ கம்பீரம்.

கிரேக்கர்கள் வந்த பிறகு கதை மாறியது. அதுவரை ஒயின் அரிது, பீர் சகஜம் என்ற அளவில்தான் இருந்தது. கிரேக்கர்கள் அதை நாகரிகத்துக்கும் காட்டுமிராண்டித்தனத்துக்கும் இடையிலான எல்லைக்கோடாக்கினார்கள். அவர்களுடைய குடிகூட்டமான சிம்போசியத்தில் ஒயினைத் தனியாகக் குடிப்பது அநாகரிகம். கிரேட்டர் என்ற அகன்ற கலத்தில் மூன்று பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஒயின், அல்லது ஐந்துக்கு இரண்டு, இரண்டுக்கு ஒன்று என்று கலப்பார்கள். எவ்வளவு கலப்பது, எத்தனை சுற்று என்பதைக் கூட்டத் தலைவர் முடிவு செய்வார். கலக்காமல் குடிப்பவன் சித்தியன், அதாவது வடக்கத்தி நாடோடி. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 சதவீத ஒயினை மூன்றுக்கு ஒன்று கலந்தால் மூன்றரை சதவீதம், இரண்டுக்கு ஒன்று என்றால் நாலே முக்கால் சதவீதம். இன்றைய பீரின் வலுவும் அதுதான்! பீர் குடிக்கிறவனைக் காட்டான் என்று சொன்ன கிரேக்கர்கள் கோப்பையில் வைத்திருந்தது பீர் அளவு போதைதான். அவர்கள் போற்றியது கலக்கும் முறையையும் ஒழுங்கையும்.

எல்லா கிரேக்கர்களும் பீரை இகழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கி.மு. 401-400 குளிர்காலத்தில் படையோடு அர்மீனியாவைக் கடந்த செனொஃபோன், கிராம வீடுகளில் பெரிய கலங்களில் "பார்லி ஒயின்" இருந்ததையும், பார்லி மேலே மிதந்ததையும், கணுவில்லாத நாணலால் உறிஞ்சியதையும் குறித்துவைத்தார். தண்ணீர் சேர்க்காவிட்டால் காட்டமாக இருக்கிறது, பழகினால் ருசிதான் என்கிறார்.

ரோமானியர்கள் கிரேக்கர்களின் அலட்சியத்தை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். நான்காம் நூற்றாண்டுப் பேரரசர் ஜூலியன் பெயரில் வழங்கும் ஒரு குறுங்கவிதை, ஒயினில் அமுதம் மணக்கிறது, பீரில் ஆட்டு வாடை அடிக்கிறது என்று சொல்லும். ஆனால் எல்லைக் காவலில் நிலைமை வேறு. பிரிட்டனின் வடக்கே விண்டொலாண்டா கோட்டையில் கி.பி. 100ஐ ஒட்டிய மெல்லிய மரத்தகட்டுக் கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. மாஸ்குலஸ் என்ற குதிரைப்படை அதிகாரி தன் தளபதி செரியாலிஸுக்கு எழுதிய கடிதத்தில், நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று உத்தரவு கேட்டுவிட்டு, கடைசியில், வீரர்களிடம் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்கிறார். ரோமானியப் பேரரசின் ராணுவம்தான், ஆனால் வீரர்கள் வடக்கத்தி ஆட்கள். அவர்களுக்கு பீர் வேண்டும்.

இதே நூற்றாண்டுகளில் தமிழகத்தில் இந்த இரண்டு பானங்களும் அருகருகே இருந்தன, அதுவும் இதே தரவரிசையோடு. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்புக்குப் போகும் பாணனுக்கு என்ன கிடைக்கும் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்கிறார். அந்த வரிகள் ஒரு முழுமையான பீர் செய்முறை. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்க வேண்டும். அகன்ற வாயுள்ள பிழாவில் அதை ஆறவிட வேண்டும். பிறகு நெல்முளையை இடித்து அதில் கலக்க வேண்டும். "எல்லையும் இரவும் இருமுறை கழிப்பி", அதாவது இரண்டு பகலும் இரண்டு இரவும், வலுவான வாயுள்ள சாடியில் விளையவிட வேண்டும். பிறகு வடித்து, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். தொட்டுக்கொள்ள சுட்ட மீன்.

இதில் எந்த அடியும் வீணில்லை. அரிசி மாவு இளக 70 டிகிரியோ அதற்கு மேலோ சூடு வேண்டும். அந்தச் சூட்டில் முளையின் நொதி சீக்கிரம் செத்துவிடும். அதனால் அரிசியைத் தனியாக வேகவைத்து, ஆறிய பிறகே முளையைச் சேர்க்க வேண்டும். சூட்டோடு கொட்டினால் கூழ் கூழாகவே நிற்கும், இனிக்காது, நொதிக்காது. இன்றும் பட்வைசர் போல அரிசி சேர்த்து பீர் செய்யும் ஆலைகள் அரிசியைத் தனிக் கலனில் முதலில் வேகவைப்பது இதே காரணத்தால்தான். முளைக்குப் புலவர் தரும் உவமையும் கூர்ந்து பார்த்தவருடையது: பாம்பு உறையும் புற்றில் இருக்கும் குரும்பி போல என்கிறார். முளைகட்டிய நெல்லை நாலு நாள் மூடிவைத்துத் திறந்தால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, பொந்து பொந்தாய், கையில் எடுத்தால் பாளம் பாளமாக வரும். கறையான் புற்றின் உள்ளே இருக்கும் புற்றாஞ்சோறு அப்படித்தான் இருக்கும்.

இன்னொரு பக்கம் புறநானூற்றின் 56ஆம் பாட்டு. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார்: "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்", அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர் கொண்டுவந்த குளிர்ந்து மணக்கும் ஒயினை, பொற்கலத்தில் ஏந்தி, வளையணிந்த மகளிர் நாளும் ஊட்ட மகிழ்ந்திரு என்று. கலம் என்பதைக் கப்பல் என்றும் கொள்ளலாம், ஜாடி என்றும் கொள்ளலாம். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் அந்த ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றுள் கிரேக்கத்தின் கோஸ் தீவு வகை ஜாடிகளும் உண்டு. கோஸ் ஒயினில் கடல்நீர் சேர்ப்பது வழக்கம். உப்பு, நெடும்பயணத்தில் ஒயின் கெடாமலிருக்க உதவியிருக்கும். அலெக்சாண்டிரியாவிலிருந்து நைல் வழியே மேலேறி, பாலைவனத்தை ஒட்டகத்தில் கடந்து, செங்கடல் துறைமுகத்தில் கப்பலேறி, பருவக்காற்றைப் பிடித்து வர வேண்டும். வலைஞரின் பிழி அடுத்த வீட்டுக்கு மேல் போகாது. யவனரின் தேறல் மூன்று கடல் தாண்டி வரும். அதனால்தான் அதற்குப் பொற்கிண்ணம்.

ஐரோப்பாவில் இந்த ஏற்றத்தாழ்வை இறுக்கியது கிறிஸ்தவம். நற்கருணைக்குத் திராட்சை ரசம்தான் வேண்டும், பீர் செல்லாது. திராட்சை விளையாத நார்வேக்கும் பலிபீடத்துக்காக ஒயின் போயாக வேண்டியிருந்தது. ஞானஸ்நானத்திலும் இந்தச் சிக்கல் வந்தது. தண்ணீர் கிடைக்காமல் பீரில் ஞானஸ்நானம் கொடுத்த குழந்தைகளைப் பற்றி நார்வேயின் பேராயர் கேட்க, அது செல்லாது என்று 1241இல் போப் ஒன்பதாம் கிரெகரி பதில் எழுதினார். மடாலயங்களில் இரண்டுமே இருந்தன. பெனடிக்டின் விதி துறவிக்கு நாளொன்றுக்கு ஒரு ஹெமினா, ஏறக்குறைய கால் லிட்டர், ஒயின் அனுமதித்தது. வடக்கே அந்த இடத்தை பீர் பிடித்தது.

இங்கே பரவலான ஒரு தவறை மறுக்க வேண்டும். இடைக்காலத்தில் தண்ணீர் அசுத்தம் என்பதால்தான் எல்லோரும் பீர் குடித்தார்கள் என்பார்கள். அப்படியில்லை, தண்ணீர் தாராளமாகக் குடித்தார்கள். லண்டன் 13ஆம் நூற்றாண்டிலேயே ஊற்றுநீரைக் குழாயில் கொண்டுவந்தது. பீர் குடித்தது அது உணவு என்பதால். ரொட்டியின் சத்தும் உழைப்புக்கான தெம்பும் அதில் இருந்தன.

இங்கிலாந்தில் அந்த பீரை (அவர்கள் சொல்லில் "ஏல்") வீட்டுப் பெண்கள்தான் வடித்தார்கள். ஒரு தடவை வடித்தால் ஒரு வாரம் தாங்காது. எனவே தன் வீட்டுக்குப் போக மிச்சத்தை, வாசலில் கம்பு நட்டு அடையாளம் காட்டி, அண்டை வீடுகளுக்கு விற்பார்கள். விலையையும் தரத்தையும் சட்டம் கட்டுப்படுத்தியது. ஹாப்ஸ் என்ற கசப்புக் கொடிப்பூ வந்ததும் இது தலைகீழானது. ஹாப்ஸ் பூவை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் அதிலுள்ள கசப்பு அமிலங்கள் உருமாறி பீரில் கரையும், லாக்டிக் பாக்டீரியாவைத் தடுக்கும். நாட்கணக்கு மாதக்கணக்காக நீண்டது. இன்னொரு லாபமும் உண்டு. கெடாமலிருக்க ஏலை வலுவாக வடிக்க வேண்டும், ஹாப்ஸ் இருந்தால் மென்மையாக வடித்தாலும் நிற்கும். 1574இல் ஹாப்ஸ் சாகுபடி பற்றி எழுதிய ரெனால்ட் ஸ்காட்டின் கணக்குப்படி ஒரு புஷல் மால்ட்டில் ஏல் 8 அல்லது 9 கேலன்தான் வரும், ஹாப்ஸ் பீரோ 18 முதல் 20 கேலன் வரை வரும். கெடாத பொருளைப் பெரிய அளவில் செய்யலாம், கப்பலில் ஏற்றலாம். ஆனால் பெரிய கொப்பரை, சேமிப்பு அறை, கடன் எல்லாம் வேண்டும். கைம்பெண்ணுக்கும் கூலிக்காரன் மனைவிக்கும் யார் கடன் கொடுப்பார்கள்? தொழில் ஆண்களிடமும் சங்கங்களிடமும் போனது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் திருப்பம் இதுதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பெண்கள் கையிலிருந்த ஒரு கைத்தொழில் சில தலைமுறைகளில் அவர்களிடமிருந்து நழுவிப்போனது.

1516இல் பவேரியாவில் இங்கோல்ஸ்டாட்டில் பிறப்பித்த புகழ்பெற்ற பீர் சட்டமும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்க வேண்டியது. பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டும் என்றது அது. ஈஸ்ட் ஓர் உயிர் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. சட்டத்தின் பெரும்பகுதி விலை பற்றியது. கோதுமையையும் ரை என்ற தானியத்தையும் ரொட்டிக்கு ஒதுக்குவது இன்னொரு நோக்கம். பீர் ஏழைகளின் சாப்பாடு என்பதால்தான் அரசு அதன் விலையில் கைவைத்தது.

ஒயின் பக்கத்தில் 17ஆம் நூற்றாண்டில் கனமான கண்ணாடி பாட்டிலும் கார்க்கும் வந்தன. பீப்பாயில் இருக்கும்வரை ஒயினும் ஓரிரு ஆண்டில் காற்றுப் பட்டு மங்கும். பாட்டிலைப் படுக்கவைத்து கார்க்கை நனைந்தபடியே வைத்தால் பத்து, இருபது ஆண்டு நிற்கும். "பழைய ஒயின்" என்ற பெருமை அதன் பிறகே மறுபடி வந்தது. 1855இல் பிரான்சின் போர்டோ பகுதி தன் சிவப்பு ஒயின் தோட்டங்களை ஐந்து தரமாகப் பிரித்தது. வேறொன்றையும் வைத்துப் பிரிக்கவில்லை, சந்தையில் அந்தந்தத் தோட்டம் பெற்றுவந்த விலையை வைத்தே பிரித்தார்கள். அந்தப் பட்டியல் இன்றும் கிட்டத்தட்ட அப்படியே செல்லுபடியாகிறது.

ஆனால் அதே பிரான்சில் சாதாரண ஒயின் எப்படி இருந்தது? முதல் உலகப் போரில் பதுங்கு குழியில் கிடந்த சிப்பாய்க்கு 1914இல் நாளுக்குக் கால் லிட்டர் சிவப்பு ஒயின் ரேஷன், போர் முடியும்போது முக்கால் லிட்டர். தெற்கத்தி மலிவுச் சரக்கு அது, "பினார்" என்று அதற்குப் பேர். 1960 வாக்கில்கூட பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். அவற்றில் பெரும்பங்கு தொழிலாளி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தீர்ந்தது.

பீர் தூரம் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது, அதுவும் மதராஸில். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து லண்டனின் ஹாட்ஜ்சன் ஆலையும், 1820களில் பர்ட்டன் நகர ஆலைகளும் ஹாப்ஸ் தூக்கலான வெளிர் ஏலை இந்தியாவுக்கு அனுப்பின. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நாலைந்து மாதம், பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்ட வேண்டும். இங்கிலாந்தில் சுமைதூக்குபவன் குடிக்கும் தானியக் குடி, இங்கே இறங்கும்போது துரைமார் மேசைக்குப் போகும் சரக்காகியிருந்தது. 1842இல் மதராஸ் கடற்கரையில் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளின் பனிக்கட்டியைச் சேமிக்க ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். இன்றைய விவேகானந்தர் இல்லம் அதுதான். குளிர்ந்த பானம் என்ற ஆடம்பரமும் அப்படிக் கப்பலில் வந்து சேர்ந்தது. அதே கடற்கரைக்குப் பின்னால், பாளையைச் சீவி இறக்கிய கள்ளில், வலுவைப் பார்த்தால், பீரில் இருக்கும் அளவு ஆல்கஹால்தான் இருந்தது. ஆனால் பானையில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பனஞ்சாறு மரத்திலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது மறுநாளைக்குள் காடியாகிவிடும். அதனால் கள் தன் பனைமரத்தை விட்டு ஒரு பொழுதுக்கு மேற்பட்ட தூரம் போனதே இல்லை.